எலியேசர் தொலைத்த பாதித் தெரு

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருக்களில் எலியேசருக்குத் தெரியாத வீடு கிடையாது. வீட்டுக்காரர் பெயர் வேண்டுமானால் மறந்துபோகும். மீட்டர் எங்கே இருக்கிறது என்பது மட்டும் மறக்கவே மறக்காது. மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வேலை, இருபத்தாறு வருடம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேட்டைத் தட்டி, "ஈபி ரீடிங்!" என்று அவர் குரல் கொடுத்தால் உள்ளே இருப்பவர்கள் யார் என்றுகூடக் கேட்காமல் ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மற்றவர்கள் தெருவில் இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்று குறுக்கும் நெடுக்குமாக நடப்பார்கள். எலியேசர் அப்படிச் செய்யமாட்டார். தெருவுக்குள் நுழைந்தால் வலது பக்கத்து வீடுகள் மட்டும். கடைசிவரை போய், முனையில் திரும்பி, அடுத்த வரிசையை எடுத்துக்கொண்டு வருவார். திரும்பிவிட்டதால் அதுவும் இப்போது வலது பக்கம்தானே! "முனை வந்தா திரும்பு, ஒரு வீடும் விட்டுப்போகாது" என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் சொல்வார். இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அவர் சொல்லும்போது ஆபீசில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார், ஆனால் வழக்கத்தை மாற்றமாட்டார்.

அவர் சொந்த வீடு இருந்த தெருவும் அவருடைய கணக்கில்தான் வந்தது. ஐம்பத்தாறாவது வயதில், ஒரு மார்ச் மாதக் காலையில், அந்தத் தெருவில் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் விழுந்தார். கோகிலவாணி வீட்டு மாடிப்படிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மீட்டரைக் குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. கோகிலவாணி அந்த ஊரின் பழைய குடும்பத்துப் பெண். நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டிருப்பவள், வாய் கொஞ்சம் அதிகம். அன்றைக்கு அந்த வாய்தான் உதவியது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தி, போகிற காரை மறித்து, அதில் அவரை ஏற்றி மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னார்.

மூளையின் வலது பக்கத்தில் ரத்த அடைப்பு. இடது கையும் காலும் முதலில் இழுத்துக்கொண்டன, இரண்டு மாதத்தில் ஓரளவு திரும்பின. நடக்க ஆரம்பித்தார், தெளிவாகப் பேசினார். வீட்டில் ஜெபம் செய்து நன்றி சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் விசித்திரம் தொடங்கியது.

தட்டில் நாலு இட்லி வைத்தால் வலது பக்கத்து இரண்டைத் தின்றுவிட்டு, "ரெண்டே ரெண்டுதானா?" என்று மனைவி ஞானஜோதியிடம் கோபித்தார். மீதி இரண்டையும் அவள் வலப்பக்கம் நகர்த்தி வைத்தால், இப்போதுதான் பரிமாறினாள் என்று நினைத்து, "கேட்டாத்தான் போடுவியா?" என்றார். பாதி முகத்துக்குச் சவரம் செய்துகொண்டு கோவிலுக்குக் கிளம்பினார். பேப்பரில் ஒவ்வொரு வரியையும் நடுவிலிருந்து படித்துவிட்டு, பேப்பர்காரர்களுக்குத் தமிழே மறந்துவிட்டது என்று சலித்துக்கொண்டார். ஒருநாள் சொந்த வீட்டு மீட்டரைப் பார்த்து, "நானூத்தி எண்பத்திரெண்டு" என்று கம்பீரமாகச் சொன்னார். அதில் இருந்ததோ 13482.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்பதுதான் இந்த நாட்களில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை. பொய் இல்லை, அவருக்கு அப்படித்தான் இருந்தது. அவருடைய உலகம் முழுசாக இருந்தது. இட்லி குறைந்தது மனைவியின் கஞ்சத்தனம், செய்தி புரியாதது பேப்பரின் தப்பு. சுற்றி இருந்தவர்களுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று அவர் உள்ளுக்குள் வருத்தப்பட்டார்.

டாக்டர் வினிதா ஒருமுறை ஞானஜோதியையும் மகள் ஜென்சியையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் இடது பக்கம் போகமாட்டேங்குது. உங்க தலைக்குப் பின்னாடி இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல" என்றாள் ஜென்சி.

"கறுப்பா தெரியுதா?"

"இல்லியே. சும்மா... அங்க ஒண்ணுமே இல்ல."

"அது உங்களுக்குக் குறையா தெரியுதா? இல்லல்ல? அவருக்கு இடது பக்கம் அப்படித்தான்."

இடது பக்கம் பார்க்கச் சொல்லி ஞாபகப்படுத்துங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். சொன்னார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை, "அப்பா, இடது பக்கம் பாருங்க" என்றார்கள். "பார்த்துட்டுத்தானே இருக்கேன்!" என்று அவர் எரிந்து விழுந்தார். இல்லாத பக்கத்தை எப்படிப் பார்ப்பார் மனுஷன்?

ஜென்சிக்கும் பம்மல் ஆஸ்டினுக்கும் செப்டம்பரில் கல்யாணம் என்பது அவர் விழுவதற்கு முன்பே முடிவானது. மகள் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் அழைத்துப் போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பது தகப்பன் வேலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவு வந்ததும் எலியேசர் முதலில் கேட்டதே அதைத்தான். "நான் நடப்பேனா? ஜென்சியைக் கூட்டிட்டுப் போவேனா?" அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவர் பிசியோதெரபி வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கினார்.

ஞானஜோதியின் தம்பி ஏசுதாசனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கெட்ட மனிதர் இல்லை, எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற ஆள். முன்னால் நின்றே பழகியதால், மற்றவர்கள் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கட்டும் என்று, தெருக்காரர்கள் லிஸ்ட்டை எலியேசரிடம் விட்டார்கள். அதைவிட லேசான வேலை அவருக்கு உண்டா? கண்ணை மூடி, கேம்ப் ரோட்டுப் பக்கம் தெரு வாசலில் நின்றுகொண்டார், மனசுக்குள்தான். முதல் வீடு, கேட்டுக்கு உள்ளே மீட்டர். இரண்டாவது வீடு, ஷெட் சுவரில். ஒவ்வொன்றாக எழுதினார், முனை வந்தது. திருப்தியோடு மூடி வைத்துவிட்டார். ஞானஜோதிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், ஜென்சிக்குப் பெருங்குடி ஆபீஸ். யாரும் பார்க்கவில்லை. ஏசுதாசன் சனிக்கிழமை வந்து, லிஸ்ட்டில் இருந்தபடி வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் குடியிருப்பது கீழ்க்கட்டளையில், இந்தத் தெருவில் யார் யார் என்று அவருக்கு என்ன தெரியும்?

திங்கட்கிழமை காலையில் பால் வாங்கப் போன ஞானஜோதியைக் கோகிலவாணி மடக்கினாள்.

"இன்னா டீச்சர், நானு இன்னா தப்பு பண்ணிட்டேன்? எங்க வரிசைல ஒரு வூட்டுக்கும் பத்திரிக வரல. அந்த வரிசைல மட்டும் வூடு வூடா குட்துகினு போனாராம் உங்க தம்பி."

ஞானஜோதி பதறினாள். "இல்ல கோகிலா, ஏதோ தப்பு..."

"எம் படிக்கட்டாண்ட வுயுந்த மனுசன மடில போட்டுகினு ஓடினேனே, அன்னிக்கு நான் வரிச பாத்தனா?" என்றாள் கோகிலவாணி. கத்துவாள் என்று எதிர்பார்த்தால் கத்தவில்லை. சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போனாள், அதுதான் சுட்டது.

விஷயம் தெரிந்ததும் ஏசுதாசன் ஓடி வந்தார். சமையலறையில் நின்று தணிந்த குரலில்தான் பேசினார். ஆனால் அவர் தணிந்த குரல் கேட்டுக்கு வெளியே கேட்கும். "அக்கா, மாமாவுக்கு மூளை குழம்பிப்போச்சு, ஒத்துக்கோ. உயிரைக் காப்பாத்துனவங்களையே மறந்துட்டாரு. நாளைக்குக் கோவில்ல அத்தனை பேர் முன்னாடி பொண்ணை நடு வழியில விட்டுட்டு எங்கயாவது போயிட்டாருன்னா? ஜென்சியை நான் கூட்டிட்டுப் போறேன். மாமா முன் பெஞ்சில கௌரவமா உக்காரட்டும்."

ஹாலில் இருந்த எலியேசருக்கு எல்லாம் கேட்டது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. தன் மகள் கையைப் பிடிக்க வேறு ஆள் போடுகிறார்கள்! எதற்காக? எல்லா வீட்டையும்தானே எழுதினோம்? கோகிலவாணி என்ற பெயரைச் சொல்கிறார்கள். யார் என்று தெரியும், முகம் தெரியும், வாய் தெரியும். ஆனால் அவள் வீடு தெருவில் எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு வீட்டுக்குத் தெருவில் இடமே இல்லை.

சாயங்காலம் ஜென்சி லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தாள். அப்பா எழுதியது எல்லாம் தாளின் வலது பாதியில் இருந்தது, இடது பாதி வெள்ளையாகக் கிடந்தது. இருபது வீடு. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தவள் நிமிர்ந்தாள். கண்டபடி விட்டுப்போகவில்லை. ஒரு வரிசையில் ஒரு வீடுகூட விடவில்லை, மறு வரிசையில் ஒரு வீடுகூட எழுதவில்லை. புத்தி குழம்பியவர் இவ்வளவு ஒழுங்காகவா மறப்பார்?

அவள் அப்பாவின் பக்கத்தில், வலது பக்கமாக, உட்கார்ந்தாள். "அப்பா, கண்ணை மூடுங்க. கேம்ப் ரோட்லேர்ந்து ரீடிங் எடுத்துட்டு வர்றீங்க. கடைசி வீடு வந்தாச்சு. இப்ப எங்க நிக்கிறீங்க?"

"முனையில. வாட்டர் டேங்க் சுவர்கிட்ட."

"முனை வந்தா என்ன பண்ணணும்?"

எலியேசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திரும்பணும்."

"திரும்புங்க."

கண்ணை மூடியபடியே சோபாவில் அவர் தோள் லேசாகத் திரும்பியது. அப்புறம் வாய் திறந்தது. "மோகன்ராஜ் வீடு. மீட்டர் பச்சை கேட்டுக்கு மேல, தேனீ கூடு கட்டும், ஜாக்கிரதையா பாக்கணும். அடுத்தது தையல்கார அம்மா, மீட்டர் உள் ரூம்ல. அடுத்தது நாய் வீடு..." ஜென்சி எழுதினாள். பதினாலு, பதினஞ்சு என்று போய், ஒரு இடத்தில் அவர் குரல் நின்றது.

"மாடிப்படிக்கு அடியில. செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி." கண்ணைத் திறந்தார். "கோகிலவாணி வீடு. அங்கதானே நான் விழுந்தேன்? ஜென்சி, இந்த வீட்டை நான் எப்படி விட்டேன்?"

அவள் உடனே, "நம்ம வரிசையில நாலாவது வீடு யாரோடதுப்பா?" என்று கேட்டாள். போன வாரம் அவரே எழுதிய வீடு.

எலியேசர் யோசித்தார். கோகிலவாணி வீடு பளிச்சென்று இருந்தது, மோகன்ராஜ் வீட்டுத் தேன்கூடு இருந்தது. சொந்த வரிசையைக் காணோம். அழிந்திருக்கவில்லை, இருட்டாகவும் இல்லை. அப்படி ஒரு வரிசையே தெருவுக்கு இல்லாதது போல இருந்தது. ஒரே தெரு, ஒரே மண்டை, உள்ளே போகும்போது ஒரு பாதி, திரும்பும்போது இன்னொரு பாதி. இட்லி ஞாபகம் வந்தது, பேப்பர் ஞாபகம் வந்தது, ஞானத்தைத் திட்டியது அத்தனையும் ஞாபகம் வந்தது. நாலு மாதமாக யாரும் பொய் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு பக்கம் இல்லம்மா" என்றார். ஒண்ணுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் முதல் தடவையாக அப்படிச் சொன்னார். பயந்துபோய்ச் சொன்னார். அதைக் கேட்டு ஜென்சி அவரைக் கட்டிக்கொண்டு, "இருக்குப்பா. திரும்பினா இருக்கு" என்றாள்.

டாக்டர் வினிதா போனில் இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். இந்த மாதிரி வேறு ஊர்களில் நடந்ததாகப் படித்திருக்கிறாள், நேரில் பார்த்ததில்லை. "அவர் எதையும் மறக்கல ஜென்சி. எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. நிக்கிற இடத்துலேர்ந்து பாதிதான் மனசுக்குத் தெரியுது. நாமளும் அப்படித்தானோ என்னவோ, நமக்கு மட்டும் முழுசா தெரியுதுன்னு யாரு சொன்னா?" என்றவள், உடனே டாக்டராகி, "அந்தத் திரும்புறதை விட்டுடாதீங்க. இடது பக்கம் பாருன்னா அவருக்குப் புரியாது. முனையில திரும்புன்னா கால் தானா திரும்பும்" என்றாள்.

மறுநாள் எலியேசர் பத்திரிகைக் கட்டைத் தானே எடுத்துக்கொண்டார். கோகிலவாணி வீடு கேம்ப் ரோடு பக்கமாக நாலு வீடு தள்ளி, எதிர் வரிசையில். கேட்டிலிருந்து இடது பக்கம் திரும்பி நடந்தால் ஒரு நிமிஷம். எலியேசர் வலது பக்கம் திரும்பினார். தெரு முழுக்க நடந்து, டேங்க் சுவரைத் தொட்டு, திரும்பினார். எதிர் வரிசை முழுவதும் வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொரு கேட்டாக நின்று, இரண்டு கையாலும் பத்திரிகை கொடுத்து, "மன்னிச்சுக்குங்க, லேட்டாயிடுச்சு" என்றார். இடது கை சரியாகப் பிடிக்கவில்லை, வலது கை தாங்கிக்கொண்டது. பின்னால் வந்த ஜென்சி உதவவே இல்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை.

கோகிலவாணி வீட்டு வாசலில் மட்டும் அவருக்கு வார்த்தை வரவில்லை. ஒன்றும் தோன்றாமல், பழக்க தோஷத்தில், "ஈபி ரீடிங்!" என்று குரல் கொடுத்துவிட்டார்.

வெள்ளை அட்டையோடு ஓடி வந்த கோகிலவாணி அவரைப் பார்த்து நின்றாள். அவர் பத்திரிகையை நீட்டி, என்ன ஆயிற்று என்று தெரிந்த மட்டும் சொன்னார். தலைக்குள் தெரு பாதியாகிப் போனதையும், அவள் வீடு மறு பாதியில் மாட்டிக்கொண்டதையும் சொன்னார். சொல்லும்போதே அது கதை விடுகிற மாதிரி இருக்கிறதே என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

கோகிலவாணி முழுசாகக் கேட்டாள். "அப்போ எங்க வரிசையாண்ட வர்றதுக்கு இம்மாந்தூரம் சுத்திகினா வந்த?" என்றாள்.

"ஆமாம்மா."

"இந்தக் கால வெச்சிகினு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேஜாரு புடிச்ச மனுசன்யா நீ. உக்காரு, காப்பி போடறேன்."

அதற்குப் பின் வந்த ஐந்து வாரத்தில் வீட்டில் எல்லாவற்றுக்கும் முனை வந்தது. இரண்டு இட்லி முடிந்தால் தட்டைத் திருப்பினார், அங்கே இரண்டு இருந்தது. சவரம் முடிந்தால் வலது கை விரலால் மூக்கைத் தாண்டித் தடவிப் பார்த்தார். பேப்பரில் இடது ஓரமாக ஞானஜோதி சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தாள், கோடு அகப்படும்வரை தேடிவிட்டுத்தான் படித்தார். மறந்த நாட்களும் உண்டு, தட்டை விசிறிய நாளும் ஒன்று உண்டு. ஆனாலும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று மட்டும் அவர் சொல்லவில்லை. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, கோவிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஓலை அன்று, வழக்கத்துக்கு மாறாக, மகள் தகப்பனுக்கு வலது பக்கம் நடந்து வரலாம் என்று ஆயர் சம்மதித்தார். ஏசுதாசன் அரை மனதாகத் தலையாட்டினார். "சரி மாமா, நீங்களே போங்க. ஆனா நான் முன் பெஞ்சு ஓரத்துல ரெடியா உக்காந்திருப்பேன்."

கல்யாணத்தன்று மழை வந்து நின்றிருந்தது. ஜென்சி அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியம் ஆரம்பித்தது, நடந்தார்கள். கால் இடறவில்லை, மகளை விடவில்லை. ஆனால் நடக்க நடக்க அவர் மனசு இறங்கிக்கொண்டே போனது. பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார், எல்லாம் பம்மல்காரர்கள். மாப்பிள்ளையின் அத்தை, சித்தப்பா, அவர்களுடைய ஆபீஸ்காரர்கள். தெருக்காரர்கள் ஒருவர்கூட இல்லை. மோகன்ராஜ் வரவில்லை, தையல்கார அம்மா வரவில்லை. காப்பி கொடுத்த கோகிலவாணிகூட வரவில்லை. மன்னிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நினைத்தபடியே பீடத்தை அடைந்து, மகள் கையை ஆஸ்டின் கையில் வைத்தார். தகப்பன் வேலை முடிந்தது.

அடுத்து அவர் முன் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். பெஞ்சைக் காணோம். எலியேசர் நின்றார். ஆயர் காத்திருந்தார், வாத்தியம் முடிந்துவிட்டது, யாரோ இருமினார்கள். ஏசுதாசன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

முக்காட்டுக்குள்ளிருந்து ஜென்சி மெதுவாகச் சொன்னாள். "அப்பா, முனை."

எலியேசர் திரும்பினார்.

அந்தக் கோவிலில் பெண் வீட்டார் இடப்பக்கம் உட்காருவது வழக்கம். இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. முதலில் மோகன்ராஜ், பச்சை கேட்டுக்கு மேலே தேன்கூடு. அதற்குப் பக்கத்தில் உள் ரூம் மீட்டர், புது ரவிக்கை போட்டுக்கொண்டு. நாய் வீட்டுக்காரர் நாய் இல்லாமல் வந்திருந்தார். அவர் வரிசை, எதிர் வரிசை, எல்லாம் கலந்து உட்கார்ந்திருந்தது. மூன்றாவது பெஞ்சில், பட்டுப் புடவையில், கோகிலவாணி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். கோவில் என்றுகூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் அந்த நிமிஷம் ஒருவர் விடாமல் காணாமல் போயிருந்தார்கள். எலியேசர் அதற்குக் கவலைப்படவில்லை. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, இப்போது அது அவருக்குத் தெரியும். ஏசுதாசன் நகர்ந்து இடம் விட்டார். எலியேசர் தானாக நடந்துபோய் உட்கார்ந்து, மனைவி கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுத் தெருவும் வந்திருக்கு, ஞானம்" என்றார்.